மணிக்கட்டு வரை தெரிந்த கை

திருப்பூர், ராயபுரம்
11-6-2007

அன்புள்ள அண்ணனுக்கு மைதிலி எழுதுவது.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பது பின்னால் வரும். கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டரில் நாம் எல்லோரும் பயன்படுத்திய போட்டோ ஆல்பம் இனிமேல் திறக்காது. சனிக்கிழமை மாலை இதை உறுதியாகச் சொன்னவர் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வரும் மருதாசலம்.

முதலாளி சொல்லி, ஹார்ட் டிஸ்கை மாற்றி, விண்டோஸ் 98-க்குப் பதில் எக்ஸ்பி போட்டார்கள். மற்றதெல்லாம் ஓடுகிறது. ஆல்பம் சிடியைப் போட்டால் மட்டும் ஏறமாட்டேன் என்கிறது. அதைத் தயாரித்த கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். மெயில் திரும்பி வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்பே அந்த சாஃப்ட்வேரை நிறுத்திவிட்டார்களாம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு மருதாசலம், "படம் எங்கீம் போகலீங்க அம்மிணி. நோட்டுப் புஸ்தகந்தான் போச்சு" என்றார்.

அவர் ஏதோ ஒரு சின்ன புரோகிராம் வைத்துப் படங்களை மட்டும் வெளியே எடுத்துக் கொடுத்தார். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். அதில் ஒரு சிக்கல். நாம் வெட்டிச் சுருக்கிய படங்கள் எல்லாம் வெட்டாமல் வந்திருக்கின்றன. அந்த ஆல்பம் எந்தப் படத்தையும் நிஜமாக வெட்டியதே இல்லையாம். எங்கே வெட்டச் சொன்னோம் என்பதைத் தன் நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, அந்த அளவை மட்டும் நமக்குக் காட்டியிருக்கிறது. நோட்டு போனதும் முழுப்படம் வெளியே வந்துவிட்டது.

வெளிநாட்டில் துணி வாங்கும் பையருக்கு அனுப்பிய டி-ஷர்ட் படங்களின் ஓரத்தில் டீ கிளாஸ், செருப்பு, யாரோ ஒருவரின் பாதித் தலை. ஒவ்வொன்றாகத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் நிறக் குழந்தைச் சட்டைப் படம் ஒன்று. அதன் வலது ஓரத்தில் செல்லத்தாய் நிற்கிறார், ஹேங்கரின் நுனியைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக. இறந்து மூன்று வருடம் ஆனவர். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அன்று அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

அம்மா மங்கலத்தில் நலம். முழங்கால் வலி மட்டும் விடவில்லை. என் வீட்டுக்காரரும் நலம். மச்சானுக்கு அங்கே வெயில் எப்படி என்று கேட்டு எழுதச் சொன்னார். உங்கள் வயிற்றுக் கோளாறு சரியானதா என்று எழுதுங்கள்.

தங்கை
மைதிலி


லூதியானா
21-6-2007

அன்புத் தங்கை மைதிலிக்கு ஆசியுடன் அருள்குமார் எழுதுவது.

வயிறு சரியாகிவிட்டது. வெயில் நாற்பத்து நான்கு டிகிரி என்று பேப்பரைப் படித்துச் சொன்னார் உடன் தங்கியிருக்கும் சுப்பண்ணன். காங்கயத்துக்காரர். என்னைப் போலவே இங்கே பனியன் பேக்கிங்கில் இருக்கிறார். மாப்பிள்ளையிடம் சொல், இந்த வெயிலுக்குத் திருப்பூர் எவ்வளவோ தேவலை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உன்னிடம் ஒரு வேலை சொல்ல வேண்டும். போனில் இதைப் பேச எனக்கு வராது.

2004 மார்ச் 18 மாலை ஆறு ஐம்பதுக்கு நம் குடோனில் தீப்பிடித்தது. செல்லத்தாய் பின்பக்க ஷட்டருக்கு ஓடியிருக்கிறார். அது பூட்டியிருந்தது. பேக்கிங் இன்சார்ஜ் நான். அன்று நான் பூட்டியதாக எனக்கு நினைவே இல்லை, அப்படித்தான் முதலில் சொன்னேன். மூன்றாம் நாள் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு படத்தைக் காட்டினார்கள். கம்பெனி கொடுத்தது. பெட்டி அடுக்குக்கு முன்னால் நான் நிற்கிறேன், நீலச் சட்டை. என் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கை மணிக்கட்டு வரை தெரிகிறது. அதில் பூட்டு. பின்னால் ஷட்டர்.

பார்த்த பிறகு நானே நம்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்துச் செல்லத்தாயின் கணவர் பெரியகருப்பனுக்கு, நான்தான் பூட்டினேன், மன்னிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். அந்தக் கடிதமும் இப்போது கோர்ட்டில் இருக்கிறது. வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவன் நான் ஒருவன்தான். இது உனக்குத் தெரிந்ததுதான்.

உனக்குத் தெரியாதது ஒன்று. இன்றுவரை பூட்டிய அந்த நிமிடம் எனக்கு ஞாபகம் வரவில்லை. மூன்று வருடமாகத் தேடுகிறேன். அந்தப் படம் உன் நாலாயிரத்தில் இருக்கும். எத்தனை மணிக்கு எடுத்தது என்று அதில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா பார். நேரம் தெரிந்தால் எனக்கு நினைவு வரலாம்.

அம்மாவை முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்.

அண்ணன்
அருள்குமார்


ராயபுரம்
3-7-2007

அண்ணா,

படம் இருக்கிறது. நேரமும் இருக்கிறது. 2004 மார்ச் 18, மாலை 5.17. கேமராவே பதிந்த நேரம்.

இதுவும் வெட்டாமல் முழுதாக வந்திருக்கிறது. ஸ்டேஷனில் நீங்கள் பார்த்தது இதன் வலது பாதி மட்டும். முழுப்படத்தில் நீங்கள் ஷட்டருக்குப் பக்கத்தில், பெட்டிகளைப் பார்த்து நிற்கிறீர்கள். உங்கள் வலது கை பெட்டியின் மேல் இருக்கிறது. இடது கை எண்ணிக்கை எழுதும் அட்டையோடு உங்கள் உடம்புக்கு மறுபக்கம் மறைந்திருக்கிறது, அட்டையின் நுனி மட்டும் தெரிகிறது.

பூட்டு பிடித்திருக்கும் கை உங்களுடையது இல்லை. இடது பக்கத்திலிருந்து நீண்டு வருகிறது. அந்தப் பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார். அவரும் நீலச் சட்டை. மணிக்கட்டோடு வெட்டியதால் அது உங்கள் கை போலத் தெரிந்திருக்கிறது.

ஒரு பிரிண்ட் எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். இப்போது அனுப்பவில்லை.

அம்மா நலம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைதிலி


லூதியானா
11-7-2007

கண்ணு மைதிலி,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. அதன் பிறகு ஒரு பெட்டிகூட நான் சரியாக எண்ணவில்லை. சூப்பர்வைசர் ஹிந்தியில் திட்டினார். அர்த்தம் புரிந்தும் புரியாத மாதிரி நின்றேன்.

ரூமுக்கு வந்து கதவுப் பூட்டை எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்தேன். இப்படியும் அப்படியும் பிடித்தேன். சுப்பண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தவர், "என்றா பண்றே?" என்றார். சொன்னேன். இதுவரை அவரிடம் இந்த வழக்கைப் பற்றிச் சொன்னதில்லை.

"ஏன் அருளு, உன்ற கை எதுன்னு உனக்குத் தெரியாதா? அடுத்தவன் கையத் தூக்கி வச்சுக்கிட்டு மூணு வருசமா அழுதிருக்கே."

"ஸ்டேஷன்ல காட்டுனாங்கண்ணா. போட்டோவுல இருக்குதேன்னு நெனச்சேன்."

"நாளைக்கு என்ற மொட்டைத் தலைய வெட்டி உன்ற ஒடம்புல ஒட்டிக் காட்டுனா, எனக்கு மொட்டை விழுந்துருச்சுன்னு அழுவியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பூட்டைத் திரும்பக் கதவில் மாட்டினேன். அவர் டீ வாங்கிவரப் போய்விட்டார்.

ஷட்டரை இறக்கினால் எவ்வளவு சத்தம் வரும் என்று உனக்குத் தெரியும். ஒரு கை தூரத்தில் நின்றிருக்கிறேன், எனக்குக் கேட்கவில்லை. எண்ணும்போது எனக்கு எதுவும் கேட்காது. நினைவு வராததற்குக் காரணம் இதுதான் போலிருக்கிறது. அந்த நிமிடம் என்னிடம் இருந்ததே இல்லை.

யாருடைய கை, மைதிலி? முகம் தெரிகிறது என்று எழுதவில்லை, தெரியவில்லை என்றும் எழுதவில்லை. நீ எதையும் அரைகுறையாக எழுதுகிறவள் இல்லை. மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்பதையும் இந்தத் தடவை விட்டுவிட்டாய்.

உடனே பதில் போடு.

அண்ணன்
அருள்குமார்


லூதியானா
28-7-2007

மைதிலி,

பதினேழு நாளாகப் பதில் இல்லை. தபால்காரரிடம் தினமும் கேட்கிறேன். வீட்டுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும் மாப்பிள்ளை எடுத்தார். "நல்லாருக்கீங்ளா மச்சான், மைதிலி கடைக்குப் போயிருக்கா" என்றார். இரண்டு தடவையும் அதே பதில், அதே குரல்.

உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டும் எழுது. மற்றது பிறகு.

அருள்குமார்


மங்கலம்
7-8-2007

அன்புள்ள அண்ணனுக்கு,

என் உடம்பு நன்றாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதல் அம்மா வீட்டில் இருக்கிறேன். இங்கிருந்தே வேலைக்கு டவுன் பஸ்ஸில் போய் வருகிறேன்.

அந்தப் படத்தில் முகம் நன்றாகத் தெரிகிறது. அது அவர்தான். சிவராஜ். உங்கள் மாப்பிள்ளை.

ஜூலை இரண்டாம் தேதியே தெரியும். ஒரு மாதத்துக்கு மேல் ஒரே வீட்டில் சமைத்துப் போட்டுக்கொண்டு கேட்காமல் இருந்தேன். தினமும் கேட்க நினைப்பேன். அவர் ஷூவைக் கழற்றுவதற்குள் தைரியம் போய்விடும். வேறு காரணம் எதுவும் இல்லை. அன்று அவர் ப்ளோர் இன்சார்ஜ் என்பதும், ஆல்பத்தில் படம் வெட்டத் தெரிந்தவர்கள் ஆபீஸிலேயே மூன்று பேர்தான் என்பதும் எனக்கு முன்பே தெரிந்தவைதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் விருப்பம் இல்லை.

ஞாயிறு மதியம் பிரிண்டை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"இதை எங்கிருந்து எடுத்தே?"

"ஆல்பம் போனதுல தானா வந்துச்சுங்க."

பிரிண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "அன்னைக்கு ஷிப்மெண்டு. ஓவர்டைம்ல செக்கிங் பொம்பளைக பின்வழியா ஊட்டுக்குப் போயிருவாங்கன்னு ஷட்டரப் பூட்டச் சொன்னாங்க. எப்பவும் சொல்றதுதான். சாவி ஆணியில தொங்கும், யாரு கைக்குக் கெடைக்குதோ அவங்க பூட்டுவோம்" என்றார்.

"அன்னைக்கு எங்கண்ணன் கைக்குக் கெடைக்கலீங்களே."

"படத்துல ரெண்டு பேர் இருந்தோம் மைதிலி. ஒருத்தர் இருந்தாப் போதும்னு சொன்னாங்க. மவுஸ் என்ற கையில இருந்துச்சு."

"யாருங்க சொன்னாங்க?"

பிரிண்டைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்பறம் எதுக்குங்க என்னயப் பொண்ணு கேட்டு வந்தீங்க?"

அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. எழுந்து போய் அணைத்தது அவர்தான். திரும்பி வந்து, "உங்கண்ணனுக்கு வக்கீல் வச்சதே நாந்தான், அதை யோசிச்சயா?" என்றார். அது உண்மைதான். வக்கீல் சாமியப்பனை ஏற்பாடு செய்தது அவர்தான்.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மாவிடம் சண்டை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அம்மா நலம்.

மைதிலி


லூதியானா
16-8-2007

அன்புத் தங்கைக்கு,

கடிதத்தை வாசலில் நின்றபடி படித்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. சுப்பண்ணன் வந்து தோளில் கை வைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

உன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், எல்லாம் சரியாயிரும்" என்று சொன்னார். பூட்டு பிடித்த கைதான் அது. அவரைப் போல நல்ல மனிதர் இல்லை என்று அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன். பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது, கொலைக் குற்றவாளி மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருகிறான் என்று நாலு பேர் பேசுவார்களே என்று.

நீ இனி என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. விட்டுவிடு என்றும் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு நாள் முழுக்க முயன்றேன். வரவில்லை. எனக்கு இது வேண்டும், மைதிலி. நான் பூட்டவில்லை என்பது எழுத்தில் எனக்கு வேண்டும்.

கோர்ட்டுக்குப் போவதற்கு முன் பெரியகருப்பன் பார்க்கட்டும். என் கடிதத்தை நம்பியவர் அவர். அதை அவருக்கு எழுதியது நான், தபாலில் போட்டதும் நான். படம் அவருக்குத் தபாலில் போகக் கூடாது. உன்னால் நேரில் போக முடியுமா? மங்கலம் ரோட்டில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருப்பதாகக் கேள்வி. உறுதி இல்லை, விசாரித்துக்கொள்.

சாமியப்பனிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை. அவர் யாருடைய வக்கீல் என்று முதலில் கேள்.

அம்மாவுக்கு நீயாகச் சொல்லாதே. நான் வந்து சொல்கிறேன்.

அருள்குமார்


மங்கலம்
28-8-2007

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று விஷயங்கள் நடந்தன.

முதலில் வக்கீல். "நீங்க யாருக்கு வக்கீலுங்க?" என்று அவர் ஆபீஸிலேயே கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "வக்காலத்துல உங்கண்ணன் கையெழுத்துத்தானுங்க இருக்குது. அவருக்குத்தான்" என்றார். படத்தைப் பார்த்துவிட்டு, இது மட்டும் போதாது என்றார். கம்ப்யூட்டர் படத்தில் ஒரு ஆளைச் சேர்த்துவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லுமாம். அன்றைக்கு வெட்டியதற்கே சாட்சி வேண்டுமாம்.

அந்தச் சாட்சி மருதாசலம் கடையில் இருந்தது. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றியவர் தூக்கி எறியவில்லை. மேலே டேப் ஒட்டி, நம் கம்பெனி பேர் எழுதி அலமாரியில் வைத்திருந்தார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அதை மாட்டி 98-லேயே ஓட்டினார். ஆல்பம் திறந்தது. மூன்று மாதம் கழித்து அந்தப் பச்சை நிற முதல் பக்கத்தைப் பார்க்கிறேன். நம் படத்தைத் தட்டினால் நீங்கள் மட்டும் நிற்கிறீர்கள், பூட்டோடு. கீழே ஒரு வரி: திருத்திய நாள் 20-3-2004, பகல் 11.42, திருத்தியவர் சிவராஜ். பக்கத்தில், மூலப்படத்துக்குத் திரும்ப என்று ஒரு பட்டன். மருதாசலம் அதை அழுத்தவில்லை. "தொட்டா அந்த வரி போயிருமுங்க. ஜட்ஜே அழுத்தட்டும்" என்றார்.

பெரியகருப்பனை நேற்று பார்த்தேன். இப்போது வேறு கம்பெனியில் அயர்னிங் மாஸ்டர். மகள் நதியா ஒன்பதாவது படிக்கிறாள். நான் யார் என்று சொன்னதும், "வாங்க தாயி, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். படத்தை வாங்கி வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"இந்தாளு யாரு, ஒங்க வீட்டுக்காரரா?"

"ஆமாங்க."

"செய்யாத மனுசன் செஞ்சேன்னு ஏன் எனக்குக் காயிதம் எழுதுனாரு?"

"போலீஸ்ல பாதிப் படத்தைக் காட்டுனாங்க. பார்த்து நம்பிட்டாருங்க."

"அவரு கை அவருக்கே தெரியலையாக்கும்."

"தெரியலீங்க."

படத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "மூணு வருசமா காலைல எந்திரிச்சா ஒரு மூஞ்சிய நெனச்சு வஞ்சுட்டுத்தான் மூஞ்சி கழுவுவேன். அது ஒங்கண்ணன் மூஞ்சி. இப்ப வந்து மாத்திக்கன்னா எப்பிடித் தாயி மாத்துறது?" என்றார்.

மஞ்சள் சட்டைப் படத்தையும் கொண்டு போயிருந்தேன். கொடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் நதியா என் கவரை எட்டிப் பார்த்துவிட்டாள். "இது அம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பெரியகருப்பன் திரும்பிப் பார்த்தவர் எழுந்து வெளியே போய்விட்டார். அரை மணி நேரம் காத்திருந்தேன், வரவில்லை. நதியாதான் பஸ் ஸ்டாப் வரை வந்தாள்.

மைதிலி


திருப்பூர்
4-9-2007

அன்புள்ள மச்சானுக்கு சிவராஜ் பணிவுடன் எழுதுவது.

தாங்கள் அங்கு நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ளாத நாள் இல்லை. இங்கு மழை இரண்டு நாளாகப் பெய்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி என்று கேள்விப்பட்டேன். கோயம்புத்தூரில் நல்ல டாக்டர் ஒருவர் இருக்கிறார். அழைத்துப் போகத் தயாராக இருக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. நம் கம்பெனியில் பேக்கிங் இன்சார்ஜ் இடம் இந்த மாதம் காலியாகிறது. மச்சானே வந்து ஏற்றுக்கொண்டால் மிகவும் சந்தோஷம் என்று முதலாளி அவராகவே சொன்னார். இத்தனை தூரத்தில், பாஷை தெரியாத ஊரில் கஷ்டப்பட வேண்டாம். தீபாவளிக்கு எல்லோரும் ஒன்றாக இருக்கலாம்.

மைதிலி கொஞ்சம் மனச் சங்கடத்தில் மங்கலத்தில் இருக்கிறாள். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். மருதாசலம் கடையில் கம்பெனியின் பழைய சாமான் ஒன்று தங்கிவிட்டது. அதையும் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கணக்கில் உள்ள சாமான் என்பதால் கேட்கிறார்கள்.

தங்கள் வரவை எதிர்பார்க்கும்
சிவராஜ்


லூதியானா
13-9-2007

அன்புத் தங்கைக்கு,

உன் கணவர் எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுச் சாமியப்பனிடம் கொடு. இரண்டு பக்கத்திலும் தீ என்ற சொல் இல்லை. செல்லத்தாய் என்ற பெயரும் இல்லை. டிஸ்க் என்றுகூட எழுதாமல் சாமான் என்கிறார். ஆல்பம் செய்த வேலையை அவர் கையாலேயே செய்திருக்கிறார்.

சுப்பண்ணனிடம் படித்துக் காட்டினேன். "உனக்கு உத்தியோகம் குடுக்கறாங்களாமா? அதே ஷட்டருக்கா?" என்றார்.

டிஸ்க் இனி ஒரு நாள்கூட மருதாசலம் கடையில் இருக்கக் கூடாது. கோர்ட்டில் ஒப்படைக்க மனுப் போடச் சொல். பெரியகருப்பனிடமிருந்து ஏதாவது தெரிந்ததா?

நான் வருகிறேன். வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஊரில் இருப்பேன். நீ சாப்பிடுகிறாயா என்று எழுது.

அருள்குமார்


மங்கலம்
24-9-2007

அன்புள்ள அண்ணனுக்கு,

சாப்பிடுகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நான் சொல்லவில்லை, ஆனால் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னது யார் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். நான் கழுத்தில் தாலி தெரியாமல் சேலையை இழுத்து மூடுவதைப் பார்த்தே புரிந்துகொண்டார்களாம்.

இன்றுவரை நடந்ததைச் சொல்கிறேன். டிஸ்கை 17-ஆம் தேதி கோர்ட்டில் ஒப்படைத்தோம். மருதாசலம் நேரில் வந்து கையெழுத்துப் போட்டார். அதைச் சீல் வைத்துச் சென்னைக்கு ஆய்வுக்காக அனுப்பினார்கள். என்னை வேலையிலிருந்து நிறுத்தி 19-ஆம் தேதி தபால் வந்தது. முதலாளி கையெழுத்து இல்லை. நிர்வாகத்துக்காக என்று போட்டு, என்னவர் கையெழுத்து. எங்கள் கல்யாணப் பதிவில் போட்ட அதே கையெழுத்து.

பெரியகருப்பன் வெள்ளிக்கிழமை வக்கீல் ஆபீஸுக்குத் தானாக வந்தார். உங்கள் கடிதத்தைக் கோர்ட்டில் கொடுத்தது தான்தான் என்றும், அதை நம்பவேண்டாம் என்று சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா என்றும் கேட்டாராம். சாமியப்பன் சொன்னது. பிறகு பெரியகருப்பன் படியிறங்கும்போது நின்று, "ஒங்கண்ணன் எப்ப வாராரு?" என்றார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இனி நான் எழுதாமல் விட்ட ஒன்று. என்னவரைப் பற்றி எழுத ஒரு மாதம் ஆனது. இதை எழுத மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

ஆல்பத்தில் படத்துக்குக் கீழே இரண்டு வரிகள் இருக்கின்றன. திருத்தியவர் வரியை உங்களுக்கு எழுதினேன். அதற்கு மேலே எடுத்தவர் என்று ஒரு வரி. அதில் என் பெயர் இருக்கிறது. பையருக்கு அனுப்ப அன்று பெட்டி அடுக்கை எடுத்தது நான். எட்டுப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, ஐந்தரை வேனில் வீட்டுக்குப் போய்விட்டேன். போலீஸில் அரைப் படத்தைக் காட்டி உங்களை உட்கார வைத்தபோது, அது என்ன படம், யார் எடுத்தது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். செல்லத்தாய் போன துக்கத்தில் கேட்கவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதுதான் காரணமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. தீப்பிடித்ததற்கு முந்தைய மாதமே என்னவர் என்னிடம் நெருங்கிப் பேசத் தொடங்கியிருந்தார்.

சென்னை அறிக்கை அக்டோபர் 12-க்குள் வரும் என்று கோர்ட் குமாஸ்தா சொல்கிறார். வராவிட்டாலும் வாய்தா மாறாது. என் சாட்சியம் 15-ஆம் தேதி திங்கட்கிழமை. எதிர்த்தரப்பு என்னிடம் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான் என்று சாமியப்பன் எழுதிக் கொடுத்திருக்கிறார்: ஆறடி தூரத்தில் நின்று இந்தப் படத்தை எடுத்தபோது, பூட்டிய ஆளை நீங்கள் பார்த்தீர்களா இல்லையா.

"பார்க்கலைன்னா எப்படி எடுத்தீங்கம்பாங்க. பார்த்தேன்னா மூணு வருசம் ஏன் பேசலைம்பாங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லியாகோணுமுங்க" என்கிறார்.

இரண்டில் எது உண்மை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பதினைந்தாம் தேதி காலை பத்தரை மணிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மைதிலி